கொடி அறுக்காத காடு

அடுப்படியில் நின்ற மனைவி கொஞ்சம் சாய்ந்து நிற்பதாக அவனுக்குப் பட்டது. எதிர்காற்றில் நடப்பவளைப்போல, உடம்பு முழுக்கப் பின்வாசல் பக்கமாக, காட்டைப் பார்த்து.

"ஏன் சாஞ்சு நிக்கிற?"

"நேராத்தானே நிக்கிறேன். தூக்கமில்லாம உங்களுக்குத்தான் தலை சுத்துது." அழுதழுது அவள் குரல் கட்டியிருந்தது.

தூக்கம் எங்கிருந்து வரும்? அவளுடைய தம்பியைப் புதைத்த ஈரம் இன்னும் காயவில்லை. மரத்துக்கு மரம் பின்னிக் கிடக்கும் கொடிகளை முன்கூட்டியே அறுத்துவிடுவதுதான் அந்த மைத்துனனின் வேலை. "கொடியெல்லாம் அறுத்துக் காயவிட்டுட்டு மரத்தைத் தொடலாம் மச்சான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று அன்றைக்கும் சிரித்தான். வெட்டும் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த இவன், "மழைக்குள்ள முடிக்கணும், தள்ளிப் போடா" என்றான். வெட்டியது ஒரே மரம். அது சாய்ந்தபோது கொடிகள் விறைத்து, சுற்றி நின்ற மரங்களையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போயின. அவற்றில் ஒன்றின் அடியில் மைத்துனன். வெட்டிய மரமும் நெடுக வெடித்து விறகுக்குத்தான் ஆயிற்று.

பொழுது இறங்கியது. காட்டில் வேலை நின்றுபோயிருந்தது; ஓர் இயந்திரம்கூட ஓடவில்லை. ஆனாலும் ஈர மண்ணும் பச்சை மரத்தூளும் கலந்த வாடை பின்கதவின் இடுக்கு வழியே கசிந்துகொண்டிருந்தது. பாதி அறுபட்ட மரம் விழுவதற்கு முன் அடித்தண்டிலிருந்து கிளப்பும் அந்த முனகல், இழுத்து இழுத்து, சுவர் வழியாக, தரை வழியாக, அவன் பல்லுக்குள் வரை வந்து அதிர்ந்தது.

கூடத்தில் எழுதிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தான்.

அவளும் சாய்ந்திருந்தாள். அதே பக்கம். பின்னல் தொங்கவில்லை; யாரோ பிடித்து இழுப்பதுபோல் கிடையாக நின்றது.

அரிவாளை எடுத்தான். மகளுக்கும் பின்கதவுக்கும் நடுவே, கொடியை அறுப்பதுபோல் வெறும் காற்றில் வீசினான். எதிலும் படவில்லை. மறுபடி வீசினான்.

"அப்பா, என்னப்பா பண்றீங்க?"

அவன் இடுப்பில் ஏதோ இறுகியது. தடவிப் பார்த்தான். ஒன்றுமில்லை. இன்னும் இறுகியது.

தெருக்கதவை எட்டிப் பிடித்து வெளியே பார்த்தான். குடத்தோடு நின்ற பெண்கள். சைக்கிளைத் தள்ளி வந்தவர். எல்லோரும் காட்டுப் பக்கமே சாய்ந்திருந்தார்கள். சிரித்துப் பேசிக்கொண்டே.

முனகல் நின்றது.

அவனுக்குத் தெரியும். மரம் விழுமுன் ஒரு மூச்சு நேரம், காடு இப்படித்தான் வாயடைத்துப்போகும்.

"என்னங்க, சாப்பிட வாங்க."

திரும்பினான். மனைவி மகளின் தோளில் கை போட்டு நின்றாள். இருவரின் குதிகால்களும் தரையை விட்டு எழும்பியிருந்தன.