பட்டாளத்து லாரியும் பக்கத்து இருக்கையும்

"அந்தக் கயித்தை அவிழ்த்துடுங்க. அப்புறம் பேசலாம்."

குரல் கேட்டுத் திரும்பியவன் மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். சட்டைக் கையெல்லாம் மாவு. அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்த பேக்கரிக்காரன் என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்தக் கண்கள்... அழக்கூட நேரமில்லாத கண்கள். குரல் கொடுத்தவளுக்கு ஏனோ அவற்றை நேராகப் பார்க்க முடியவில்லை. கயிற்றையே பார்த்தாள்.

கயிற்றின் ஒரு முனை அவனுடைய சித்தப்பாவின் டிராக்டரில். மறுமுனை, ஷெட்டுக்குள் நின்ற பழைய பட்டாளத்து லாரியின் பம்பரில்.

"நீங்க யாருங்க?"

"ரெக்கவரி வண்டி, ஓடாத வண்டியை இழுத்துட்டுப் போறவ. உங்க அக்கா ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணாங்க. தம்பி அவசரத்துல ஏதாவது பண்ணிடுவான், சீக்கிரம் போங்கன்னாங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

அவனுக்குச் சுருக்கென்றது. "அப்பாவுக்கு நேரம் இல்லைங்க... ஏலத்துல எடுத்த லாரி இது. ஓட வைக்கிறேன், ஓட வைக்கிறேன்னே காலத்தை ஓட்டிட்டாரு. கடைசியா ஒரு தடவை கண்ணால பார்க்கணுங்கிறாரு. அவர் ஜன்னலுக்குக் கீழே கொண்டு போய் நிறுத்தணும். அவ்வளவுதான்."

அவள் ஒரு கணம் லாரியை நிமிர்ந்து பார்த்தாள். ஆனாலும் குனிந்து கயிற்றை அவிழ்த்தாள்.

"பிரேக் சுத்தமா இல்ல. கயித்துல கட்டினா இறக்கத்துல முன்னாடி போற வண்டி மேலேயே வந்து ஏறும். பம்பரை நம்பினா பம்பர் மட்டும்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்."

தன் வண்டியிலிருந்து முக்கோணமாக விரியும் கனத்த இரும்புச் சட்டத்தை இறக்கி, லாரியின் அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பூட்டினாள். துணைக்கு இரண்டு சங்கிலிகள். அதோடு விட்டாளா? ஸ்பானரோடு லாரிக்கு அடியிலேயே புகுந்துவிட்டாள்.

"இப்ப என்ன?"

"சக்கரத்தையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற ஷாஃப்ட்டைக் கழட்டணும். இன்ஜின் ஓடாம சக்கரம் மட்டும் சுத்தினா கியர்பாக்ஸ்ல எண்ணெய் ஏறாது. நடுரோட்டுல இறுகி நின்னுடும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"வேகாத ரொட்டியை அடுப்புலேர்ந்து எடுப்பீங்களா?"

"ரொட்டி காத்திருக்கும்ங்க. அப்பா காத்திருக்க மாட்டாரு."

அவள் ஸ்பானரை இன்னும் அழுத்தித் திருகினாள். துருப்பிடித்த போல்ட்டுகள் அசைய மறுத்தன. சட்டென்று அவனும் சேற்றில் படுத்து உள்ளே வந்து டார்ச்சைப் பிடித்தான். அவன் கை நடுங்கியது. அவள் கை தானாக உயர்ந்து அதைப் பிடித்து நிறுத்தியது... வெளிச்சத்துக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளியே சித்தப்பா, "கயித்துல கட்டியிருந்தா இந்நேரம் பாதி வழி போயிருக்கலாம்" என்று முணுமுணுத்தபடி இருந்தார்.

ஒருவழியாகக் கிளம்பினார்கள். அவள் பக்கத்து இருக்கையில் அவன்.

"ஏங்க இவ்வளவு பயம் உங்களுக்கு?"

"எங்க அண்ணனும் இதே வேலைதான் பார்த்தான். இழுக்கும்போது கயிறு அறுந்து வீசுச்சு. ஆளே இல்ல."

அவன் திரும்பிப் பின்னால் வரும் சட்டத்தைப் பார்த்தான். பாலத்து இறக்கத்தில் லாரி பின்னாலிருந்து முட்டித் தள்ளியது. சட்டம் கிறீச்சிட்டது... ஆனால் தாங்கியது. சமதரைக்கு வந்ததும் அவன் போன் அடித்தது. மறுமுனையில் அக்கா அழுதாள்.

வண்டி ஓட்டியவள் பிரேக்கில் கால் வைத்தாள். "திருப்பட்டுமா?"

"வேண்டாம். போங்க."

போனார்கள். ஜன்னலுக்கு நேர் கீழே, இம்மி பிசகாமல் நிறுத்தினாள். மேலே யாரோ திரையை இழுத்து மூடியிருந்தார்கள். அவன் இறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"கயித்துலயே இழுத்திருந்தா... பார்த்திருப்பாரு."

அவள் சட்டத்தைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். வழியெல்லாம் அழுதாள். யாரோ ஒரு கிழவருக்காகவா, அவர் பிள்ளை சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவா என்று அவளுக்கே விளங்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, லாரியை எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரி நெருக்கியது. மறுபடியும் டிராக்டரோடு வந்து நின்ற சித்தப்பாவிடம், "அந்தப் பொண்ணு வந்தாத்தான் இது நகரும்" என்றான் அவன். "உங்கப்பன் பார்க்காமப் போனதே அவளாலதான்டா" என்று அவர் கோபித்துக்கொண்டு போனார். அவன் போனை எடுத்தான். வரமாட்டேன் என்று சொல்வதற்காகவே அவளும் எடுத்தாள். "வரேன்" என்றாள்.

அன்றைக்கும் மழை. அவள் அவன் பக்கமே திரும்பாமல் சட்டத்தைப் பூட்டினாள்.

"அன்னைக்கு நான் சொன்னது..."

"சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன். விடுங்க."

"விட முடியலைங்க. பாலத்து இறக்கத்துல லாரி தள்ளுச்சே... கயிறா இருந்தா நம்ம ரெண்டு பேர் கதையும் அங்கேயே முடிஞ்சிருக்கும்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். யாரையாவது திட்டணும் போல இருந்துச்சு... பக்கத்துல நீங்கதான் இருந்தீங்க."

அவள் கண்கள் நிறைந்தன. மழை பெய்வது நல்லதாகப் போயிற்று.

"உங்கப்பாவை நெனச்சு எனக்கு இன்னும் தூக்கம் வரலை. ஆனா மறுபடி அதே நாள் வந்தாலும் ஷாஃப்ட்டைக் கழட்டாம கிளம்ப மாட்டேன். நீங்க... நீங்க உயிரோட போய்ச் சேரணும்னு இருந்துச்சு எனக்கு."

"இந்த வேலையில இருக்கிறவங்க எல்லாரும் அப்படித்தானே நெனைப்பாங்க?"

"நான் வேலைக்காக நெனைக்கலை."

அவன் லாரியின் பம்பரைப் பிடித்துக்கொண்டான். அப்பா போனதிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்ளாமலே சொன்னான்.

"அவரை நெனச்சா இன்னும் கோபம் வருதுங்க. யார் மேலன்னு தெரியலை. நாளைக்கும் யாரையாவது திட்டத்தான் போறேன்."

அவள் வண்டியின் மறுபக்கக் கதவை அவனுக்காகத் திறந்துவிட்டாள்.

"திட்டிக்கோங்க... பக்கத்துலதான் இருப்பேன்."