அடுக்கி வைத்த கள்ளன்

1964ஆம் ஆண்டு, ஆவணி மாதத்து வியாழக்கிழமை. காலை எட்டு மணி.

திருகோணமலைப் பொலிஸ் நிலையத்து மேசையில் அன்னலட்சுமி ஓர் இரும்புப் பெட்டியைத் தொம்மென்று வைத்தாள். சல்லியிலிருந்து கொழும்புக்கு மீன் ஏற்றும் லொறியின் சொந்தக்காரி அவள். அந்த லொறியின் ஹோன் சத்தத்துக்குச் சாம்பல்தீவுக் கோழிகள் எல்லாம் முட்டையிட்டுவிடும் என்று ஒரு கதை உண்டு. அது மிகை. சில கோழிகள்தான் இட்டன.

"களவு போயிட்டுது, ஐயா. முக்கால் இஞ்ச் ஸ்பனர், நட்டுக் கழட்டுறது."

சப் இன்ஸ்பெக்டர் கலீலுர் றஹ்மான் தேநீரைக் கீழே வைத்தார். "ஒண்டுதானோ?"

"ஒண்டுதான். அதைவிடப் பெரிய அநியாயம், கள்ளன் பெட்டியை அடுக்கி வைச்சிட்டுப் போயிருக்கிறான்!"

"அடுக்கியோ?"

"திறந்து பாருங்கோவன். குப்பையாக் கிடந்த பெட்டி. கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டாலும் வேணுமெண்டது கையில வரும். இப்ப ஒரு சாமானும் பிடிபடுதில்லை."

அவர் திறந்தார். ஸ்பனர்கள் சிறியதிலிருந்து பெரியதுவரை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் உயரப்படி நிற்பதுபோல் கிடந்தன. நடுவில் ஒன்றுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் காய்ந்த சந்தனம்.

"இதென்ன, அக்கா?"

"வெள்ளிக்கு வெள்ளி பூசுறனான். முத்துமாரிக்கும் ஸ்பனருக்கும் ஒரே கிண்ணம்தான்."

"லொறி நேற்று எங்க நிண்டது?"

"ஐஸ் பக்டறி வாசல்ல. எல்லா லொறியும் அங்கதானே தவங்கிடக்குது. கரண்ட் வந்தாத்தானே ஐஸ்."

கலீலுர் றஹ்மான் எழுந்து தொப்பியைப் போட்டார். பசிக்குத் திருடுகிறவன் பெட்டியோடு தூக்கியிருப்பான். பழைய இரும்புக்கு விற்கிறவன் பாரமான ஜக்கை எடுத்திருப்பான். ஒரே ஓர் அளவு வேண்டியிருந்தவன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய இடத்தில் அந்த ஓர் அளவு இல்லை.

ஐஸ் பக்டறிக்கு மின்சாரம் தரும் சிறிய பவர் ஹவுஸ் துறைமுகக் கரையில் பக்கத்திலேயே நின்றது. அதன் டர்பைன், அதாவது நீராவி தள்ளத் தள்ளச் சுழலும் பெரிய சக்கரம், மூன்று கிழமையாக நின்றுபோயிருந்தது. பழுது பார்ப்பு. அந்த இரைச்சல் இல்லாமல் துறைமுகத்தில் ஒருவருக்கும் நித்திரை வரவில்லை. சுங்கக் கந்தோர் நாய்கூடச் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டது.

ஆனால் அந்த மூன்று கிழமை வேலையைப் பார்த்தவர்கள் இன்றும் மரியாதையாகத்தான் கதைப்பார்கள். அந்தச் சக்கரம் சுழலும் வேகத்தில் உள்ளே ஒரு சின்ன நட் கிடந்தாலே அது துவக்குக் குண்டாகிவிடும். ஆகையால் உள்ளே இறங்குகிறவன் மோதிரத்தையும் வெற்றிலைப் பையையும் வாசலில் கழற்றி வைக்க வேண்டும். சட்டையில் பொத்தான் இருக்கக்கூடாது. ஸ்பனரை நூலால் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். மயிர் உதிரும் என்று மீசை வழிக்க ஒரு நாவிதரையும் வாசலில் இருத்தினார்கள். மூன்றாம் நாள் அவருடைய கத்தியையே உள்ளே விடமாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

பின்னேரங்களில் எல்லாச் சாமானும் ஒரு பெரிய பலகைக்குத் திரும்ப வரும். பலகையில் ஒவ்வொரு சாமானின் உருவமும் கறுப்பு மையில் கீறியிருக்கும். ஒரு கறுப்பு உருவம் மூடப்படாமல் தெரிந்தாலும் டர்பைன் மூடி இறங்காது.

ஒன்பதரை மணிக்குக் கலீலுர் றஹ்மான் போய்ச் சேர்ந்தபோது கொதிகலனில் ஆவி ஏறிக்கொண்டிருந்தது. பொறுப்பதிகாரி பாக்கியரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"பத்து மணிக்கு ஆவி திறக்கிறம், இன்ஸ்பெக்டர். வெளியில பாத்தீங்கள்தானே. சல்லி வள்ளங்கள் நேற்றே மீனோட வந்திட்டுது. ஒரு ஸ்பனர் கதையை நாளைக்கு வைப்பமே?"

"உங்கட பலகையில ஏதும் குறையுதோ?"

"நீங்களே பாருங்கோ."

பலகை நிறைந்திருந்தது. ஒரு கறுப்பு உருவம்கூடத் தெரியவில்லை. அதைக் கண்டதும் மற்றவர்களுக்கு நிம்மதி வந்திருக்கும். கலீலுர் றஹ்மானுக்கு வரவில்லை.

அவர் முக்கால் இஞ்ச் ஸ்பனரைக் கழற்றினார். மற்றதுகளைப் போலவே அதுவும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்திருந்தது. கைப்பிடியில் அளவு இலக்கம் பதித்த பள்ளத்துக்குள் நகத்தை விட்டுக் கிளறினார். நகத்தில் மஞ்சள் தூள் வந்தது. மணந்தும் பார்த்தார். சட்டைப் பைக்குள் ஸ்பனரைப் போட்டுக்கொண்டார்.

"உள்ளுக்கு வேலை செய்தது ஆர், ஆர்?"

மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வேலையாட்களின் தலைவர், போர்மன் பேணாட். நூல் கட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தவரே அவர். பின்னால் கிண்ணியா அபூதாஹிரும் தம்பலகாமத்து றஊப்பும்.

கலீலுர் றஹ்மான் பலகையிலிருந்து ஐந்தாறு ஸ்பனர்களை அள்ளி அபூதாஹிரிடம் நீட்டினார். "இதை அந்த மேசையில வை, தம்பி."

அபூதாஹிர் கலகலவென்று கொட்டினான். றஊப்பும் அப்படியே கொட்டினான்.

"பேணாட், நீங்கள்?"

பேணாட் நீராவி மானியைப் பார்த்துக்கொண்டே வாங்கினார். பார்த்துக்கொண்டே வைத்தார். கைகள் தாமாகவே வேலை செய்தன. சின்னது, அடுத்தது, அதற்கடுத்தது. பிறகு ஒன்றுக்கு இடம் விட்டு, மிச்சம் பெரியதுகள்.

"நடுவில ஏன் இடம் விட்டனீங்கள்?" என்று கலீலுர் றஹ்மான் மெல்லக் கேட்டார்.

பேணாட் மேசையைப் பார்த்தார். அப்போதுதான் கண்டார்.

"அன்னலட்சுமி அக்காவின்ர பெட்டியிலையும் இதே இடத்தில இடம் விட்டிருக்கு. பின்னேரம் பின்னேரம் இந்தப் பலகையை அடுக்கிறது ஆர்? நீங்கள் ஒராள்தானே. என்ர பையில கிடக்கிற இந்த ஸ்பனர் அவவின்ர. இலக்கத்துக்குள்ள சந்தனம் கிடக்கு. அப்ப பவர் ஹவுஸ் ஸ்பனர் எங்க, பேணாட்?"

பேணாட்டின் கை மடியைத் தடவியது.

"கடல்ல, ஐயா," என்றார் பேணாட். "செவ்வாய்க்கிழமை, மூடி இறக்கினாப்பிறகு, கைகழுவ இறங்குதுறைக்குப் போனனான். ஸ்பனர் மடியில இருக்குதெண்டு நினைச்சு, பலகை நிறையமுந்தியே மூடியை இறக்கச் சொன்னனான். அங்கதான் விழுந்திருக்கும்."

"விழுந்த சத்தம் கேட்டதோ?"

"இல்லை."

"மணிக்கட்டில நூல் கட்டியிருந்ததோ?"

"கடைசி நட்டுக்குக் கை எட்டேல்லை. நூல் தடுத்தது. ஒரு நிமிசம்தானே எண்டு அவிட்டனான்."

"போர்மன் ஐயா!" என்றான் அபூதாஹிர். "நூல் அவிட்டதுக்கு என்னை மூண்டு நாள் வெளியில நிப்பாட்டினீங்களே!"

"அதாலதான்ரா சொல்ல ஏலாமப் போச்சு," என்றார் பேணாட். "கடல்லதான், கடல்லதான் எண்டு எனக்கு நானே சொல்லிச் சொல்லி, நேற்று இரவு நம்பியும் போட்டன்."

பத்து மணி. வெளியே லொறிகள் ஹோன் அடிக்கத் தொடங்கின. எல்லாவற்றுக்கும் மேலாக அன்னலட்சுமியின் ஹோன்.

மூடியைத் திரும்பக் கழற்ற இரண்டு நாள். அவ்வளவு மீனும் உப்புக்குள் போகும். கொழும்பிலிருந்து வரப்போகும் ஏச்சு பாக்கியரத்தினத்தின் தலையில் விழும். ஸ்பனர் உண்மையாகவே கடலில் கிடந்தால், அந்த ஏச்சுக்குப் பதிலும் கிடையாது. அவர் ஆவி வால்வின் சக்கரத்தில் வைத்திருந்த கையைப் பார்த்தார். பிறகு அதை எடுத்தார்.

"நெருப்பை இறக்குங்கோ," என்றார். "சல்லி ஆக்களிட்ட நான் போய்ச் சொல்லுறன். றஊப், உப்பு மூட்டைக்கு ஆள் அனுப்பு."

குரலை உயர்த்தவேயில்லை. அந்த நிமிடத்தில் அவரைப் பார்த்தபோது தன் தொப்பியைக் கழற்ற வேண்டும்போல் இருந்தது என்று கலீலுர் றஹ்மான் பிறகு சொன்னார். கழற்றியும் விட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் மூடி உயர்ந்தது. பேணாட்தான் இறங்கினார். அபூதாஹிர் அவருடைய மணிக்கட்டில் நூலைக் கட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, பிறகுதான் விட்டான். பிறகு ஒரு கை மேலே வந்தது. கையில் முக்கால் இஞ்ச் ஸ்பனர். சக்கரத்தின் கீழ் வரிசைத் தகடுகளின் வாயில் குறுக்கே கிடந்திருக்கிறது.

பாக்கியரத்தினம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆவி திறந்திருந்தா இது கூரையைப் பிச்சுக்கொண்டு கோணேசர் மலைக்குப் போயிருக்கும். வழியில எங்களில ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு."

தொலைத்ததற்குத் தண்டனை இல்லை என்றார். ஒளித்ததற்கு, பலகையின் பொறுப்பு இனி அபூதாஹிருக்கு. பேணாட் தலையாட்டினார்.

களவு வழக்கு மிச்சமிருந்தது. ஞாயிறு காலை அன்னலட்சுமி பெட்டியோடு பொலிஸ் நிலையத்துக்கு வந்தாள். பேணாட்டும் அங்கே நின்றார். தன் ஸ்பனரை வாங்கி உள்ளே எறிந்தாள்.

"வழக்கு வேண்டாம், ஐயா. ஆளைக் காப்பாத்தின களவு. ஆனா இந்த மனிசன் பெட்டியை முந்தி இருந்தமாதிரிக் குழப்பித் தரவேணும்."

பேணாட் பெட்டிக்கு முன்னால் குந்தினார். கலைத்தார், குலுக்கினார், கவிழ்த்துக் கொட்டி அள்ளிப் போட்டார். ஒவ்வொரு தரமும் அன்னலட்சுமி குனிந்து பார்த்து, "இல்லை," என்றாள். பொழுது சாய்ந்தது. பவர் ஹவுஸ் பக்கமிருந்து டர்பைனின் இரைச்சல் எழுந்து ஒரே சீராக ஊரை மூடியது. சுங்கக் கந்தோர் நாய் நித்திரைக்குப் போனது.

பேணாட் பெட்டிக்குள் பார்த்தார். ஸ்பனர்கள் சிறியதிலிருந்து பெரியதுவரை கிடந்தன. இந்தமுறை நடுவில் இடம் இல்லை.