ஓமான் பயணத்தில் அம்மாவுக்கு இடமில்லை

"அம்மாவுக்கு நடக்க ஏலாதெண்டு ஆர் சொன்னது? நீங்கள் என்ன டாக்குத்தரோ?"

குடியேறிய குளிர்நாட்டில், ஜான்-டலோன் சந்தையின் நடுவில் நின்று சாருஜா போனுக்குள் கத்தினாள். ஆப்பிள் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர் மெல்லத் தள்ளிப் போனார். போகட்டும்! தகரக் கூரையில் நவம்பர் மழை கொட்டியது. அவள் அதைவிடப் பலமாகக் கொட்டினாள்.

பின்னே? மூன்று மாதமாக அவள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பத்து நாள் ஓமான் சுற்றுலா அது. நிஸ்வா கோட்டை, பச்சை மலை, பாலைவனக் கூடாரம், கரையேறி முட்டையிடும் கடலாமைகள்... எல்லாம் அம்மா சிவமலருக்காக. சாருஜா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா நாலு வருடம் மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலை பார்த்தாள். "வேலைதான் பிள்ளை, ஒண்டும் பாக்கேல்ல" என்று எப்போதோ ஒரு நாள் சொன்னாள். அந்த ஊரை அம்மாவுக்கு ராணி மாதிரிக் காட்ட வேண்டும் என்று அன்றே மகள் முடிவு செய்துவிட்டாள்.

நேற்று வந்த மின்னஞ்சல் எல்லாவற்றிலும் மண்ணைப் போட்டது. அம்மாவுக்கு முட்டி வலியாம். சேர்க்க முடியாதாம். கீழே கையெழுத்து: மாதவன், வழிகாட்டி.

"உங்க கோபம் புரியுதுங்க." போனில் சென்னைத் தமிழ், நிதானமாக. "ஆனா பாறை மேல ரெண்டு மணி நேரம் நடக்கணும். அவங்களுக்கு முடியாது."

"என்ர அம்மா அரிசி மூட்டையோட மூண்டு மாடி ஏறுறவ! உங்களுக்கு மூச்சு வாங்கும், அவவுக்கு வாங்காது!"

"கிளெமந்தீன்! கிளெமந்தீன்!" என்று சின்ன ஆரஞ்சுப் பழங்களைக் காட்டிக் கடைக்காரர் கூவினார்.

அந்தக் குரல் அவளுக்கு இரண்டு முறை கேட்டது. ஒன்று வெளியே... இன்னொன்று போனுக்குள்ளே.

சட்டென்று திரும்பினாள். பேரீச்சம்பழப் பெட்டிகளுக்கு அந்தப் பக்கம், காதில் போனோடு ஒருவன். அவனுக்கும் அதே கணத்தில் விளங்கிவிட்டது. நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே அந்தக் கண்கள்... மழைக்காலத்துக் கிணறு மாதிரி, அசையாமல் அவளையே பார்த்தன. சே! திட்ட வந்த இடத்தில் கண்ணைப் பார்க்க யார் சொன்னது?

"நேர்லயே திட்டிடுங்க. போன் சார்ஜாவது மிச்சமாகும்."

"பகிடியோ உங்களுக்கு?"

"இல்லைங்க..." அவன் சிரிப்பு அணைந்தது. "ஒண்ணு மட்டும் கேட்கிறேன். வர்றதுக்கு ஆசையான்னு உங்க அம்மாகிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

அவளுக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. "எங்கட வீட்டு விசயம் கதைக்க நீங்கள் ஆர்?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து விழுங்கினான். அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. வீடு இருக்கும் லவாலுக்குப் போகும் மெட்ரோவில் உட்கார்ந்தபடியே சுற்றுலா நிறுவனத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதினாள். 'திமிர்' என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டாள்.

நாலாம் நாள் பதில் வந்தது. மாதவனை இந்தப் பயணத்திலிருந்து நீக்கிவிட்டார்களாம். அம்மாவையும் சேர்த்துக்கொள்கிறார்களாம். வென்றுவிட்டாள்! ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ நெருடியது. அதைத் தள்ளிவிட்டு, கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் பெருமையாக வாசித்துக் காட்டினாள்.

சிவமலர் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பிள்ளையில பிழை இல்லை. நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னனான்."

"என்னம்மா சொல்லுறீங்கள்?"

"ஆஸ்பத்திரியும் இல்லை, ஒண்டும் இல்லை. நாலு வருசம் ஒரு வீட்டில சமைச்சுக் கழுவுற குசினி வேலை. லீவு நாள் வெள்ளிக்கிழமையும் வெளிக்கதவு பூட்டுத்தான். உடம்பு எப்பிடியெண்டு கேக்க அந்தப் பிள்ளை போன் எடுத்தது. தான் மஸ்கட்டில வளந்ததெண்டு சொல்லி, நீங்க எங்க இருந்தீங்கம்மா எண்டு கேட்டுது... என்னவோ, அழுதிட்டன்."

சாருஜாவுக்குக் கண் எரிந்தது. கோபம்தான் முதலில் வந்தது. "எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"நீ கேட்டனியோ?" அம்மாவும் வெடித்தாள். "படத்தைக் காட்டினாய், கட்டிப்பிடிச்சாய், துள்ளினாய்! அதுக்குப் பேந்து நான் என்னெண்டு மாட்டன் எண்டு சொல்லுறது?"

அவனும் இதைத்தானே கேட்டான்... இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"குசினி சன்னலுக்குள்ளால ஒரு மொட்டை மலை தெரியும். அதுக்கு அங்கால என்ன இருக்கெண்டு நாலு வருசமும் யோசிச்சனான். நீ போ, பிள்ளை. பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லு. அந்தப் பொடியன் கூட்டிக்கொண்டு போனாத்தான் எனக்கு நிம்மதி."

சாருஜா முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றாள். நிறுவனம் அவனைக் கூப்பிட்டது. ஐயா மாட்டேன் என்றுவிட்டாராம்! ரோசம்!

மறுநாள் மாலை, விசாரித்து அறிந்து, சுற்றுலா இல்லாத நாட்களில் அவன் வேலை செய்யும் சென்ட் லோரன்ட் மென்பொருள் கம்பெனிக்கு முன்னால், பஸ் தரிப்பில் காத்து நின்றாள். உறைமழை. குடை வழுக்கியது, சப்பாத்து வழுக்கியது, மனம் மட்டும் பிடிவாதமாக நின்றது.

அவன் வந்தான். பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இங்க எதுக்கு வந்தீங்க? இன்னும் ஏதாவது எழுத மறந்துட்டீங்களா?"

"அம்மா எல்லாம் சொல்லிப்போட்டா."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நான் அப்பிடி ஏசினனான். வேலையையும் கெடுத்தனான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்டயும் சொல்லாதப்பான்னு அழுதாங்க. சொல்ல முடியுமாங்க?" அவன் குரலிலும் கோபம் ஏறியது. "ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்லை. திட்டினதுக்காக இல்லை... நீங்க மறுபடி கூப்பிட்டுத் திட்ட மாட்டீங்களான்னு போனையே பார்த்துட்டு இருந்தேன். பைத்தியம் மாதிரி! ஒரே ஒரு தடவை பார்த்த பொண்ணுக்காக!"

மழை இரைந்தது. பஸ் வந்தது, கதவைத் திறந்தது... இருவரும் ஏறாததால் சலித்துக்கொண்டு போய்விட்டது.

"அந்த மலைக்கு அங்கால என்ன இருக்கெண்டு பாக்க நான் வாறன். நீங்கள்தான் காட்ட வேணும்."

"சரிங்க... காட்டுறேன். இன்னும் ஏன் முறைக்கிறீங்க?"

"கோவம்! என்ர அம்மா இருபது வருசமா எனக்கு ஒளிச்சு வச்ச அழுகையை, முகம் தெரியாத உங்களிட்ட அழுதிருக்கிறா." அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "அப்பிடி ஒரு ஆளை நான் என்னெண்டு விடுறது? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கோவத்திலதான் சொல்லுறன்... ஆனா உண்மையாத்தான் சொல்லுறன்."