போக இரண்டு... வர ஒன்று!

"ஐயோ... தந்தி!"

காமாட்சியம்மாள் போட்ட அலறலில் பிள்ளையார்பாளையத்துத் தெருவே தறியை நிறுத்தியது!

1934. ஆனி மாதக் கடைசி. காலை மணி பத்து.

தந்தி என்றால் சாவு. அந்தத் தெருவில் யாருக்கும் அதற்கு வேறு அர்த்தம் தெரியாது.

மாணிக்கவாசக முதலியார் தறிக் குழியிலிருந்து எழுந்தார். அறுபது வயது. ஆனால் முதுகு மட்டும் ஒரு விரற்கடைகூட வளையவில்லை. யாருக்காகவும் வளைந்ததும் இல்லை.

"வாயை மூடுடி! செத்தது யாருன்னு தெரிஞ்சிக்கினு அப்புறம் அழு!"

உறையைக் கிழித்தார்.

உள்ளே... இங்கிலீஷ்!

கூடத்து ஜமக்காளத்தில் ஆராவமுத ஐயங்கார் உட்கார்ந்திருந்தார். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். பெண்ணுக்குக் கல்யாணப் புடவை வேண்டும் என்று மூன்று நாளாக வருகிறார். ஒன்றும் பிடிக்கவில்லை!

"சாமி, இதைக் கொஞ்சம் படிச்சி சொல்லுங்க."

ஐயங்கார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"சாவு ஒண்ணும் இல்லை, முதலியார். உம்ம மாப்பிள்ளை பேருக்கு வந்திருக்கு. மெட்ராஸ்ல டிக்கெட் ஏற்பாடு பண்றவா அடிச்சிருக்கா. ஆக்ராவுக்கு டிக்கெட் தயாராம்."

"ஆக்ராவா?!"

முதலியாரின் மீசை துடித்தது.

நேற்றுதான் கத்தித் தீர்த்திருந்தார். கல்யாணம் ஆகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஆடி பிறக்கப் போகிறது. ஆடியில் புதுப் பெண் தாய் வீட்டில் இருக்க வேண்டும். சாந்தி முகூர்த்தமே ஆவணியில்தான் என்று அவர் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. இந்த நேரத்தில் மாப்பிள்ளை குமாரசாமி 'ஹனிமூன்' என்கிறான்! புருஷனும் பெண்டாட்டியும் தனியாக... ரயிலில்... ஊர் பார்க்க!

"நான் மாட்டேன்னு சொன்ன பிறகும் டிக்கெட்டா? என் வார்த்தைக்கு அவ்ளோதான் மரியாதையா?"

"இன்னும் முடியலை, முதலியார்." ஐயங்காரின் குரல் இறங்கியது. "போக ரெண்டு டிக்கெட்... திரும்பி வர..."

"வர?"

"ஒண்ணு."

முதலியார் தந்தியை எட்டிப் பார்த்தார்.

"தப்பாப் படிச்சீங்களா?"

"முப்பது வருஷமா இங்கிலீஷ் படிக்கிறேன், ஓய்! போக ரெண்டு. வர ஒண்ணு. நீங்கள் கேட்டபடியேன்னு வேற போட்டிருக்கான்."



இரண்டு பேர் போய்... ஒருவர் மட்டும் திரும்பினால்... இன்னொருவர்?

அம்சவேணி! ஒரே மகள். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் பதினைந்து வயதிலேயே தறியில் உட்கார்ந்த மகள்!

"ஏங்க..." காமாட்சியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "போலீசுக்கு ஆள் அனுப்பலாங்க..."

"போலீசா? என் வீட்டு வாசல்ல சிவப்புத் தலைப்பாகையா? தெருவே கைகொட்டிச் சிரிக்கும்டி!"

சிரிக்கத்தான் செய்யும். மாப்பிள்ளையைப் பிடித்தது அவரேதான். ரங்கூனிலிருந்து வந்தவன். பி.ஏ. அப்பன் ஆத்தாள் கிடையாது. ஆனால் நம் ஜனம். நெசவாளி வீட்டுப் பிள்ளை. ரங்கூன் சங்கத்துக் கடிதத்தைக் காட்டினான். 'நான் ஆளைப் பார்த்தாலே எடை போடுவேன்' என்று ஊரெல்லாம் மார்தட்டியவர் முதலியார்!

வாசலில் பூட்ஸ் சத்தம்.

குமாரசாமி! தோளில் புதுப் படுக்கைப் பை. கையில் தாஜ்மகால் படம் போட்ட புத்தகம். முகத்தில் சிரிப்பு.

"மாமா, கோவம் தணிஞ்சிதா? அம்சாவ ரெடியா இருக்கச் சொல்லுங்க. நாளன்னிக்குப் பயணம்!"

"ஆக்ராவுல இன்னா வச்சிருக்குது?"

"தாஜ்மகால், மாமா! நிலா வெளிச்சத்துல புருஷன் பொண்டாட்டி கையக் கோத்துக்கினு..."

"அது செத்துப்போன பொண்டாட்டிக்குக் கட்டின சமாதிடா! தாலி ஈரம் காயாதவள கூட்டிக்கினு போய்க் காட்டற எடமா அது?"

'டா'வில் குமாரசாமியின் சிரிப்பு பாதி கழன்றது.

முதலியார் தந்தியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

வாங்கினான். படித்தான்.

அவ்வளவுதான்... முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை!

"இத... இத யார்கிட்ட காட்டினீங்க?"

"நான் கேக்கறதுக்கு பதில் சொல்லு! திரும்பி வர டிக்கெட் ஏன் ஒண்ணு?"

"நான் அப்படிக் கேக்கவே இல்ல! ரெண்டு ரிட்டர்ன்தான் கேட்டேன்! யாரோ வேணும்னே..."

"யாரு?"

"நான்தான்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

உள்ளறை வாசலில் அம்சவேணி. அரக்குப் பட்டுடுத்தி, பயணத்துக்குக் கிளம்பியவள் போல நின்றாள். கண்ணில் மட்டும் கல்யாணக் களை இல்லை.

"நான்தாம்பா அப்படி ஒரு தந்தி வரவழைச்சேன். வெகுளியா இருந்தா, டிக்கெட் குடுக்கறவன் முட்டாள்னு சிரிச்சிருப்பாரு. இவர் மூஞ்சியப் பாத்தீங்களா? மனசுல போட்டு வச்ச கணக்க யாரோ வெளிய படிச்ச மாதிரி!"

"அம்சா! உனக்குப் பைத்தியமா?" குமாரசாமி சீறினான். "எங்கம்மா புடவையக் கட்டிக்கினு நின்னுக்கினு இப்படிப் பேசறியே!"

"உங்கம்மா புடவையா?"

கேட்டது முதலியார்!

அவர் கண் மகளின் முகத்தில் இல்லை. புடவையில் இருந்தது. அடி மேல் அடி வைத்துக் கிட்டே போனார். முந்தானையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"எப்போ குடுத்தான் இத?"

"கல்யாணத்துக்கு மூணாம் நாளுப்பா. ரகசியமா. முப்பது வருஷத்துக்கு முன்னால அவங்கம்மா ஒரே ஒரு தடவை கட்டினதாம். ரங்கூன்லயே பெட்டியில இருந்துதாம்."

"ரங்கூன்லயா?!" முதலியாரின் குரலில் கூரை அதிர்ந்தது. "அடேய்! இது போன வருஷம் வைகாசியில என் வீட்டுத் தறியில நெய்து அறுத்த புடவைடா! வேலூர் அரிசி மண்டிக்காரர் பொண்ணு கமலாட்சி கல்யாணத்துக்கு நான் என் கையால மடிச்சிக் குடுத்தது!"

"ஒரே மாதிரி ஆயிரம் புடவை இருக்கும், மாமா!"

"இருக்காது!" அம்சவேணி முன்னால் வந்தாள். "இத நெய்தவளே நான்தான். கமலாட்சி அப்பாவுக்கு லெட்டர் போட்டேன். பதில் வந்துது. கமலாட்சிய ஆவணியில கட்டினவன் பேரு சபாபதி. பினாங்குலேர்ந்து வந்தானாம். ஹனிமூனுக்கு ஆக்ரா. போனது ரெண்டு பேர். காலரான்னு சொல்லிக்கினு திரும்பினது அவன் மட்டும். அவ நகையும் வரல, புடவையும் வரல. கல்யாண போட்டோ ஒண்ணு அனுப்பியிருந்தாரு... பாக்கறீங்களா?"

குமாரசாமி பார்க்கவில்லை. ஒரு அடி பின்வாங்கினான். இன்னொரு அடி...

தொபீர்!

தறிக் குழியில் மல்லாந்து விழுந்தான்!

"நெசவாளி வீட்டுப் புள்ளையாம்! குழி எங்க இருக்குதுன்னு தெரியல!" என்று முதலியார் தறியில் கிடந்த ஊடுபலகையை எடுத்து ஓங்கினார்.

"ஓய், ஓய்! அடிக்கப்படாது! எனக்கு அவன் முழுசா வேணும்!"

ஆராவமுத ஐயங்கார் ஜமக்காளத்திலிருந்து துள்ளி எழுந்தார். அங்கவஸ்திரத்துக்கு அடியிலிருந்து எடுத்தார்...

விலங்கு!

"இன்ஸ்பெக்டர் ஆராவமுதன். உம்ம பொண்ணு எழுதின கடுதாசியோட வேலூர்க்காரர் எங்கிட்டதான் வந்தார். அவள் சொன்னபடி மெட்ராஸ்லேர்ந்து அந்தத் தந்தியை அடிக்க வச்சதும் நான்தான். எனக்குப் பொண்ணே கிடையாது, முதலியார். மூணு நாளாப் புடவையைப் புரட்டிப் புரட்டி விரல்தான் தேய்ஞ்சுது."

குழியிலேயே விலங்கு பூட்டினார். இழுத்து வெளியே போட்டார். பக்கத்துச் சந்தில் காத்திருந்த இரண்டு சிவப்புத் தலைப்பாகைகள் உள்ளே வந்தன.

தெரு முழுக்க வாசலில் நின்றது. முதலியார் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"தெரிஞ்ச அன்னிக்கே என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க பாத்த மாப்பிள்ளைப்பா. தப்புன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?"

முதலியார் கையிலிருந்த ஊடுபலகையைத் தறியோரம் சாத்தினார்.  

"என் பொண்ணு கதி இனிமே இன்னா ஆகும்?" காமாட்சியம்மாள் விம்மினாள். "கழுத்துல தாலி ஏறிடுச்சே..."

"யார் கட்டின தாலி?" முதலியார் உறுமினார். "குமாரசாமின்னு ஒருத்தனே பூமியில இல்ல! இல்லாதவனுக்கு என் பொண்ணு எப்படிப் பொண்டாட்டி ஆவா? கழட்டும்மா! அதுல இருக்கற பொன்னும் நான் போட்டதுதான்!"

அம்சவேணி கழற்றினாள். 

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "முதலியார், அந்தப் புடவையைக் குடுத்துடணும். கேசுக்கு அதுதான் உயிர். உம்ம தறியில நெய்ததுதான்னு ஜட்ஜ் முன்னால ருசு பண்ணணும்."

"என் வாக்குதான் ருசு! இந்த மாணிக்கவாசகம் வந்து சொன்னா போதாதா?"

"வக்கீல் ஒத்துக்க மாட்டான். ஆனா உம்ம பொண்ணு ஒரு அடையாளம் காட்டினாள் பாரும்... அடடா! யாராலும் மறுக்க முடியாது."

"இன்னா அடையாளம்?"

அம்சவேணி தலையைக் குனிந்தாள். இவ்வளவு நேரம் இல்லாத பயம் இப்போது அவள் முகத்தில்!

"அப்பா... கோபப்படாதீங்க. கோபுரக் கரை போட்டுக்கினு இருந்தேனா... அன்னிக்கு வரதருக்குக் கருட சேவை. மேளம் கேட்டுது. ஜன்னல் வழியா ஒரே ஒரு தடவை எட்டிப் பாத்தேன். இழை எண்ணிக்கை விட்டுப்போச்சி. கரையில ஒரு கோபுரம் மட்டும்... குட்டையா விழுந்துடுச்சி. உங்களுக்குத் தெரியாம உள்மடிப்புல வச்சி மடிச்சிட்டேன்."

கொலைகாரனைப் பார்த்தபோதுகூட அப்படிச் சிவக்காத முகம் இப்போது சிவந்தது!

"சிவன் வீட்டுத் தறியில உக்காந்துக்கினு பெருமாள எட்டிப் பாத்தியா? பிழைப் புடவை... என் வீட்டுலேர்ந்து... ஒரு கல்யாணத்துக்குப் போச்சா?!"

"அந்தக் குட்டைக் கோபுரம்தான் ஓய் உம்ம பொண்ணு உயிரைக் காப்பாத்தித்து!" என்றார் இன்ஸ்பெக்டர். "கோர்ட்ல விரிச்சு வச்சு, ஜட்ஜ், வக்கீல், பத்திரிகைக்காரன் அத்தனை பேருக்கும் காட்டப் போறேன். காஞ்சிபுரம் மாணிக்கவாசக முதலியார் வீட்டு நெசவுன்னு!"

முதலியார் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனார். அறுபது வருடமாக வளையாத முதுகு, அவர் காதருகே முதல் தடவையாகக் கொஞ்சம் வளைந்தது.

"சாமி... அவன தூக்குல போடுங்க, வேணாங்கல. ஆனா புடவைய மட்டும்... ஆரணி நெசவுன்னு எழுதிக்குங்க!"