படகில் ஏறாத மீன்

திங்கட்கிழமை, மூன்று மணிக் காபியை வசுமதி நீட்டினாள். வாங்கிக்கொண்ட பட்டாபியின் கை டம்ளரோடு சேர்ந்து வெடுக்கென்று ஜன்னல் பக்கம் போயிற்று. பாதிக் காபி தரையில். மணிக்கட்டில் கயிறு கட்டி வெளியிலிருந்து யாரோ சுண்டினால் எப்படிப் போகுமோ, அப்படி. வெளியே யார் இருக்கிறார்கள்? இரண்டாம் மாடி ஜன்னல், கீழே ஒரு மதில், அதற்கப்பால் ஹூக்ளி. நேற்று முழுக்கத் தூண்டில் பிடித்த அசதி என்றான் பட்டாபி. அவளும் நம்பித் தரையைத் துடைத்தாள்.

கார்டன் ரீச்சில் துறைமுகக் குவார்ட்டர்ஸ் அது. ஆற்றில் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கணக்குப் போட்டு அச்சடித்துக் கொடுக்கிற ஆபீசில் பட்டாபிக்கு வேலை. ஊரில் வெங்காயத்துக்கே யோசிக்கிற குடும்பம். கல்கத்தாவுக்கு வந்த ஆறு வருஷத்தில் மனுஷனுக்கு மீன்பிடிக்கும் பைத்தியம் தொற்றிக்கொண்டது. தின்னவும் மாட்டான், விடவும் மாட்டான். பிடித்ததெல்லாம் பௌதி என்று இவர்கள் கூப்பிடும் எதிர்வீட்டு முகர்ஜி அம்மாளின் சமையலறைக்குப் போகும். அந்தத் தொண்ணூற்றாறு நவம்பரில், கூட வேலை பார்க்கும் பன்னீர்செல்வத்தோடு காக்த்வீப் போய், மோட்டார் படகு பேசி, சாகர் தீவையும் தாண்டிக் கடலுக்குள் போனான். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஏதோ பெரிதாக மாட்டியது. இரண்டரை மணி நேரம் மல்லுக்கட்டு. படகுக்குப் பக்கத்தில் வந்த சமயத்தில் தூண்டில் நரம்பு அறுந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டான், நாற்பது வயசு ஆம்பிளை.

வசுமதிக்கு மீனா கவலை? அவளுடைய கவலை மகள் தீப்தி. ஏழு வயசு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்துத் தூங்கியவள் வீலென்று எழுந்தாள், அன்றிலிருந்து காய்ச்சல். வலது கன்னத்துக்கு உள்ளே வலி என்கிறாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், ஒன்றுமே இல்லை, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். குழந்தை கஞ்சிகூட இறங்காமல் சுருண்டு கிடந்தது.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பட்டாபியின் இரண்டு கைகளும் ஜன்னல் பக்கம் போயின. ஹாலில் ஜன்னலைப் பார்க்க நின்றவன், இல்லாத கம்பு ஒன்றை வயிற்றில் முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தான். பாதங்கள் சிமெண்ட் தரையில் உரசி உரசி முன்னால் நகர்ந்தன. ஒரு மணி நேரம். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டான், சட்டை தொப்பலாக. அந்த ஒரு மணி நேரமும் உள்ளறையில் தீப்தி முனகிக்கொண்டே இருந்ததை வசுமதி கேட்டாள். காய்ச்சல் வேகம் என்று நினைத்தாள். சமையலறைச் சுவரில் அவனுடைய ஆபீஸ் அட்டவணை ஒட்டியிருந்தது. பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவளின் கண் அதில் போனது. திங்கள் மூன்று. செவ்வாய் மூன்று ஐம்பது. கடல் தண்ணீர் ஆற்றில் ஏறிவரும் நேரம், ஜோவார் என்பார்களே, அதே நேரம். புதன்கிழமை எப்போது என்றும் பார்த்தாள், வியாழன் எப்போது என்றும் பார்த்தாள்.

புதன்கிழமையும் தப்பவில்லை. அவன் கைகளில் தோல் உரிந்து, விரல் மடிப்புகளில் கோடுகோடாக ரத்தம் கட்டியிருந்தது. நரம்பை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இழுத்துப் பிடித்தால் போச்சு என்று அவனாகப் பேசினான். எந்த நரம்பு என்று கேட்கப் பயந்து அவள் கேட்கவில்லை.

வியாழன் மத்தியானம் பன்னீர்செல்வத்துக்குப் போன் போட்டாள். அவர் முதலில் மழுப்பினார், ஆபீஸ் விஷயம் பேசினார். அவள் விடவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர், நரம்பு தானா அறுந்துபோகல. நான்தான் கத்தியால வெட்டினேன். அவருக்குத் தெரியாது."

"ஏன் சார் வெட்டினேள்?"



"பக்கத்துல வந்ததும் தண்ணிக்குள்ள குனிஞ்சு பாத்தேன், சிஸ்டர்… உங்க பாப்பா அன்னிக்கு வீட்லதானே இருந்துச்சு? வீட்டைவிட்டு எங்கயும் போகலியே?"

வீட்டில்தான், தூங்கிக்கொண்டிருந்தாள் என்றாள் வசுமதி. அவர் போனை வைத்துவிட்டார். திரும்பப் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஆற்றில் இருப்பது எதுவோ அது குழந்தையைக் கேட்கிறது. அவளுக்கு அப்படித்தான் புரிந்தது. ஜோவார் ஐந்தரைக்கு. ஐந்து மணிக்கே ஆற்றைப் பார்த்த ஜன்னல்கள் நான்கையும் சாத்தி, பால்கனிக் கதவைத் தாழ்போட்டு, அதற்குக் குறுக்கே சோபாவை இழுத்துப் போட்டாள். தீப்தியை ஆற்றுக்கு எட்டாத கடைசி அறையில் படுக்கவைத்து, வெளியே தாழிட்டு, அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். நவம்பர் இருட்டு சீக்கிரம் இறங்கியது; கரியடுப்புப் புகை சந்துகளிலிருந்து எழும்பியது; பௌதி வீட்டில் சங்கு ஊதினார்கள், ஒன்று, இரண்டு, மூன்று; அது அடங்கியதும் மதிலுக்கு அப்பால் தண்ணீர் ஏறுகிற சத்தமும், சாத்திய ஜன்னல் இடுக்குகளில் சேற்று நாற்றமும் மெல்ல மெல்ல உள்ளே வந்தன.

ஹாலில் பட்டாபி எழுந்து நின்றான். கைகள் தூக்கிக்கொண்டன. தாடியும் உள்வாங்கிய கண்ணுமாக அவனைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"முடியல, வசு. இன்னிக்கு விட்டுக்குடுக்க என்னால முடியல."

நாலு நாளாகத் தூங்காதவள். பொறுமை போய்விட்டது. எல்லாம்தான் அடைத்தாயிற்றே, எப்படி வரும், வந்துதான் பார்க்கட்டுமே என்று ஒரு வீம்பு.

"அப்போ இழுத்துடுங்கோ. இழுத்து முடிச்சுத் தொலைங்கோ. வரது வரட்டும்."

அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. தூண்டில் சக்கரத்தைச் சுற்றுகிற மாதிரி வலது கை சுற்றத் தொடங்கியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ஜன்னலைப் பார்த்து நின்றவனின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆற்றுக்கு முதுகைக் காட்டினான். அவளைப் பார்த்து நின்றான். அவளுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்து.

"இந்தப் பக்கம் வந்துடுத்து," என்றான்.

முதுகுக்குப் பின்னால், அறைக்குள், கட்டில் கிறீச்சிட்டது.

சுற்று.

தொப்பென்று ஏதோ விழுந்தது.

சுற்று. தரையில் இழுபடும் சத்தம். நிற்கும். இழுபடும். கதவின் மறுபக்கத்தில் வந்து இடித்தது.

வசுமதி தாழ்ப்பாளைத் திறந்தாள்.

தீப்தி தரையில் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. வலது கன்னம் மட்டும் கூராக, கூடாரத் துணி போலக் காற்றில் இழுபட்டு நின்றது. அதைப் பிடித்து இழுப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவன் கை சுற்றியது. குழந்தை ஒரு சாண் நகர்ந்தது.

அள்ளி அணைத்தாள். அவளையும் சேர்த்து இழுத்தது. நிறுத்துங்கோ என்று அலறினாள். சமையலறைக்கு ஓடிக் கத்தியை எடுத்துவந்தாள், கன்னத்துக்கு முன்னால் காற்றை வெட்டினாள், மறுபடி வெட்டினாள். வெட்ட அங்கே எதுவும் இல்லை.

"நம்ம தீப்தி. பாருங்கோ, தீப்தி!"

பட்டாபி பார்த்தான். மீனைத்தான் பார்த்தான். எவ்வளவு பெரிசு என்கிற பூரிப்பு முகம் முழுக்க. மீனைப் படகுக்குள் தூக்கிப்போடுகிற இரும்புக் கொக்கிக் கம்பு, ஞாயிறு ராத்திரி கொண்டுவந்து சாத்திய சுவரோரம் நின்றிருந்தது. வலது கையால் சுற்றிக்கொண்டே, கண்ணை எடுக்காமல், இடது கையால் அதைத் துழாவினான்.

"பயப்படாதே, வசு," என்றான் பிரியமாக. "இந்தத் தடவை விடமாட்டேன்."