பானட்டில் இரண்டாவது தட்டு

நாட்றம்பள்ளியில் டீ குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பும்போது யாரோ பானட்டில் தட்டினார்கள். ஒரே ஒரு தட்டு. உள்ளங்கை தகரத்தில் படும் சத்தம்தான், சந்தேகமே இல்லை. ஜெர்சன் எட்டிப் பார்த்தார். முன்னால் ஈ காக்கை இல்லை. பக்கத்து சீட்டில் மகள் ஹெப்சி, கட்ச் உப்புப் பாலையில் எடுத்த படங்களைக் கைபேசியில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சத்தம் அது?"

"ஒண்ணும் கேக்கலையேப்பா."

இறங்கிப் போய் பானட் கொக்கிகளை ஆட்டிப் பார்த்தார். இரண்டும் இறுக்கமாகவே இருந்தன. பதினாலு நாளில் நாலாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஜீப், அவரைவிட ஒரு வயசு மூத்தது, முனகத்தானே செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். மனசில் ஒட்டவில்லை.

வாணியம்பாடி சுங்கச்சாவடியில் மறுபடி கேட்டது. அப்போதும் ஒரே தட்டு. ஜெர்சன் தன்னை அறியாமல் இரண்டாவதற்குக் காத்திருந்தார். பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான்.

அந்தத் தட்டு இன்னதென்று அவருக்குத் தெரியும். அந்தக் காலத்து ஜீப்பில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டுமானால், ஒருத்தர் இறங்கி முன்சக்கரங்களின் நடுவிலுள்ள குமிழைக் கையால் திருப்ப வேண்டும். குனிந்திருக்கிற ஆள் ஓட்டுகிறவர் கண்ணில் படமாட்டார். அதனால் இடப்பக்கம் முடிந்ததும் பானட்டில் ஒரு தட்டு, வலப்பக்கமும் முடித்து ஒதுங்கியதும் இன்னொரு தட்டு. இரண்டாவது விழாமல் வண்டி நகரக்கூடாது.

பதினேழு வருஷம் இறங்கித் திருப்பியது நண்பர் அப்துல் ஹமீத். ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ரசாயனத்தில் ஊறிய ஈரத்தோலைத் தொட்டுத் தொட்டு விரலெல்லாம் வெளிர்நீலம் ஏறியிருக்கும். எந்த சோப்புக்கும் போகாது. ஜீப்புக்குத் தோல் சீட்டு தைத்துப் போட்டதும், கட்ச்சுக்குப் போகலாம் என்று நச்சரித்ததும் அவர்தான். போன வருஷம் பாலாற்று மணலில் இதே ஜீப் அவர்மேல் ஏறியது. ஓட்டியது ஜெர்சன்.

ஹமீதின் மனைவி பில்கிஸ் அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ரெண்டு தட்டும் கேட்டுச்சாண்ணா?"

"கேட்டுச்சும்மா," என்றார்.

கேட்கவில்லை. முதல் தட்டு விழுந்ததுமே, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் கிளட்சை விட்டுவிட்டார். மணலில் புதைந்த செருப்பை எடுக்க ஹமீத் முன்னால் குனிந்திருந்தார். அந்த ஒற்றைச் செருப்பு பிறகு கிடைக்கவே இல்லை. செத்தவன்தான் அவசரப்பட்டுத் தட்டினான் என்று ஊரே நம்பியது. ஜெர்சனுக்குத் தூக்கம் போனது. ஊரைச் சுற்றினால் சரியாகும் என்று, நர்ஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஹெப்சிதான் அவரை இழுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

ஆம்பூர் நெருங்க நெருங்கக் காற்றில் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை ஏறியது. அந்த வாடை வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. வெயிலில் சூடேறிய சீட்டிலிருந்து, ஜெர்சனின் முதுகுக்குப் பின்னாலிருந்து, ஈரமும் சுண்ணாம்புமாகக் கிளம்பியது. காலியான பின்சீட்டில் தோல் மெல்ல நெரிந்தது. கனத்த ஆள் ஒருவர் கால் மாற்றி உட்கார்வதுபோல. அவர் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான். நாளைக்கே பில்கிஸ் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நாளைக்குக் கட்டாயம்.

மாதனூருக்கு முன்னால் வண்டிகள் அசையாமல் நின்றன. எங்கேயோ கன்டெய்னர் கவிழ்ந்துவிட்டதாம். மணி ஆறேகால். வெப்பமுள் சிவப்பைத் தொட்டது, பானட் இடுக்கில் ஆவி கசிந்தது.

"எஞ்சின் சீஸ் ஆயிடும்பா. பாலாத்துல இறங்கிட்டா பத்து நிமிஷத்துல குடியாத்தம் ரோடு."

"வேணாம்."

"தெரியும்பா. ஆனா எத்தனை நாளுக்கு அந்த ஆத்தைப் பாத்து ஓடுவீங்க? ஹமீத் அங்கிள் ரெண்டு தட்டும் தட்டினாரு. உங்க மேல தப்பே இல்ல."

இப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மகள் முகத்தைப் பார்த்தார், முழுங்கிவிட்டார். ஸ்டியரிங்கை ஆற்றுப் பக்கம் திருப்பினார்.

கருவேலப் புதர் தாண்டி மணல். நூறடி போனதும் பின்சக்கரம் சுழன்று புதைந்தது.

"நான் இறங்கித் திருப்பறேன்," என்று ஹெப்சி காலை வெளியே வைத்தாள்.

"உக்காரு!" அவர் போட்ட சத்தத்தில் அவளே ஆடிப்போனாள். ஒரு தட்டு மட்டும் கேட்கிற வண்டிக்கு முன்னால் தன் பிள்ளையை நிறுத்த முடியாது. "நீ இந்தப் பக்கம் வந்து ஸ்டியரிங்கைப் புடி. ரெண்டு தட்டு கேக்காம எடுக்காத."

"எண்ணித்தான்பா எடுப்பேன்."

இடச்சக்கரக் குமிழ் சூடாக இருந்தது. திருப்பினார். க்ளிக். தட்டக்கூடாது, சுற்றிப் போய் ஹெப்சியிடம் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தார். பழகிய கை கேட்கவில்லை. தட்டிவிட்டது.

ஒன்று.

வலப்பக்கம் போக வண்டியின் முன்னால் நடந்தார். எஞ்சின் இரைந்தது. ஹெப்சி விளக்கைப் போட்டாள். மணல் மஞ்சளானது.

பம்பருக்கு ஓரடி முன்னால் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

தோல் வார். செருப்பின் வார். மணலுக்குள் பாதி. ஹமீத் தன் கையாலேயே தைத்துக்கொண்ட வெள்ளைத் தையல்.

ஜெர்சன் குனிந்தார்.

தலைக்கு மேலே தகரம் அதிர்ந்தது.

"ஹெப்சி!" குரல் எஞ்சின் இரைச்சலைத் தாண்டவில்லை. அண்ணாந்து பார்த்தார். பானட்டின் விளிம்பில், மணல் ஒட்டிய நாலு வெளிர்நீல விரல்கள், தட்டிய இடத்திலேயே படிந்திருந்தன.

உள்ளே ஹெப்சி எண்ணி முடித்துவிட்டு, நிதானமாகக் கிளட்சை விட்டாள்.