சர்க்கரை போடாத தட்டு

“ஐயோ... எல்லாம் செத்துப்போச்சு!”

டாக்டரம்மாவின் அலறலில் ஆய்வுக்கூடமே அதிர்ந்தது!

அவள் போன் செய்ததும் இன்ஸ்பெக்டர் பறந்து வந்தார். மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

“பாடி எங்கம்மா?”

“தட்டுல இருக்கு சார்... ஆறு தட்டுல நான் வளர்த்த செல்லு, உயிரணுக்கள்!”

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். பாவம், அவர் சர்வீஸில் இப்படி ஒரு கொலை இதுதான் முதல் தடவை.

“கொன்னது யாரு?”

“மெத்தில்கிளையாக்சால்! செல்லு சர்க்கரையை எரிக்கிறப்போ கூடவே பொறக்கிற வேண்டாத பொருள் சார். கைக்கு எட்டுற புரதத்தையெல்லாம் கெடுத்துடும். அதை அழிக்கத்தான் நான் மருந்து கண்டுபிடிச்சேன். சாயங்காலம் கமிட்டி முன்னால காட்டணும்... போச்சு, எல்லாம் போச்சு!”

“இதுக்குப் போய் போலீஸா?” கணவர் அவள் தோளைத் தட்டினார். அவரும் அங்கே விஞ்ஞானிதான். “சர்க்கரை எரிஞ்சு தானா பொறந்திருக்கு. உன் மருந்து தோத்துடுச்சு, அவ்ளோதான்.”

“சர்க்கரையே போடாத தட்டுலயும் அதே அளவு இருக்கே! ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தட்டை அப்படித்தான் வைப்போம். அதுல எப்படி இவ்ளோ வரும்? யாரோ ஊத்தியிருக்காங்க!”

கணவர் ஒரு கணம் விழித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இந்த ரூமுக்கு மூணு சாவி. உன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு... இன்னொண்ணு உன் தங்கச்சிகிட்ட!”

மூலையில் நின்ற தங்கை முன்னால் ஓடி வந்தாள். அக்காவுக்கு உதவியாளராக இருப்பவள்.

“நீயாடி...?” டாக்டரம்மாவுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. “உன்னைப் பொண்ணு மாதிரி வளர்த்தேனேடி!”

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

“அக்கா, யோசிச்சுப் பாரு! எந்தத் தட்டுல சர்க்கரை இல்லைன்னு நாம தட்டு மேல எழுதுறதே இல்ல. உனக்கும் எனக்கும்தான் தெரியும். மருந்தைத் தோக்கடிக்கணும்னா அதை விட்டுட்டு மத்த அஞ்சுலதானே ஊத்துவேன்? அப்பதானே சர்க்கரையில பொறந்ததுன்னு நம்புவே? தெரியாதவங்கதான் ஆறுலயும் ஊத்துவாங்க!”



டாக்டரம்மா மெல்லத் திரும்பினாள்... கணவர் பக்கம்!

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“என் மருந்தை ஒருத்தனும் திரும்பிப் பார்க்கல!” கத்தினார். “எங்கே போனாலும் உன் பேரு... உன் பேரு!”

“எங்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு பேர் பேரையும் போட்டிருப்பேனே... பாவி!”

அவள் தங்கையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அழுகை தாங்கவில்லை.

விலங்கு கணவர் கைக்கு மாறியது!

“ரிப்போர்ட் எழுதணும் மேடம்,” இன்ஸ்பெக்டர் தயங்கினார். “இவர் உங்களுக்கு என்ன உறவு?”

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“காலையில வரைக்கும் புருஷன்!”